அத்திவாரத்துக்குள் அகப்பட்ட கார்

அந்தக் கார் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் அதில் ஏறி, செங்கலடிச் சந்தியையும் தாண்டிப் போய்விட்டார்.

காத்தான்குடியில் ஒரு குறுக்குத் தெரு. முற்பகல் வெயில். நனைந்த சீமெந்து வாசமும், உள்ளே யாரோ ஏலக்காய் தட்டிப்போட்டுத் தேநீர் கொதிக்க வைக்கிற வாசமும் கலந்து வந்தன. காரின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. முன்சீட்டில் இவர், கண்ணை மூடியபடி, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. ஸ்டியரிங்கில் நான்.

"புள்ள, செங்கலடி தாண்டிட்டம். கண்ணாடிய இறக்கு, காத்து வரட்டும்" என்றார்.

இறக்கினேன். வந்தது காத்தான்குடிக் காற்றுத்தான். மேசன்மார் மண் அரிக்கிற தூசியோடு வந்தது. அதை முகத்தில் வாங்கிக்கொண்டு இவர் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. ஏனென்றால் கார்க்காரர் பக்கத்திலேயே நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேச இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

போன கிழமை இங்கே நான் எழுதின, ஸ்கூட்டரால் விழுந்த கதையை வாசித்த ஒருவர், "பென்சன் எடுத்த பிறகும் உங்களுக்கு என்ன ஓட்டம்?" என்று கேட்டிருந்தார். ஐயா, நான் ஸ்கூட்டரோடு நிற்கவில்லை. காரும் வாங்கினேன். கேளுங்கள்.

குழாய்க்குள்ளால் தெரிகிற உலகம்

இவருக்குக் கண்ணில் அழுத்தம். வலியில்லாமல், சத்தமில்லாமல் வருகிற வியாதி. நாங்கள் அறியும்போது பாதிப் பார்வை போய்விட்டது. பக்கத்தில் வைத்த தண்ணீர்க் கோப்பையை ஒவ்வொரு நாளும் தட்டி ஊற்றினார். நான் ஒவ்வொரு நாளும் ஏசினேன். பிறகுதான் டொக்டரிடம் போனோம்.

நேரே இருப்பது தெரியும். பக்கத்தில் இருப்பது தெரியாது. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல என்று இவர் சொல்வார். அந்தக் குழாயும் வரவர ஒடுங்கும். "இருக்கிறதை மருந்து போட்டுக் கொஞ்சக் காலம் பிடித்து வைக்கலாம். எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார் டொக்டர்.

அன்று வீட்டுக்கு வரும்போது கல்லடிப் பாலத்தில் ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி, வாவியை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தோணி போனது. அதை முழுதாய்ப் பார்க்கத் தலையை மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அக்காவ ஒருக்காப் பார்க்கோணும் புள்ள. மறுகாத் தெரியாமப் போயிரும்."

இவருடைய அக்கா, என் மச்சாள், கதிரவெளியில் இருக்கிறார். தாய் போனபிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர். முழங்கால் பிடித்துப்போனதால் அவரால் பஸ் ஏற முடியாது. இவரோ ஒருமுறை பஸ்ஸால் இறங்கும்போது படி தெரியாமல் விழுந்து, அதோடு பஸ் என்ற பேச்சையே விட்டுவிட்டார். இரண்டு பேரும் போனில்தான் கதை. அதிலும் ஊர்ச்சனம் யாரோ மச்சாளிடம், "தம்பிக்கு ரெண்டு கண்ணும் போயிட்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மச்சாள் போனில் ஓவென்று அழுதார். இவர் "இல்லக்கா, தெரியுது, தெரியுது" என்று கத்தினார். மச்சாள் நம்பவில்லை.

வாடகைக்கு ஒரு வாகனம் பிடித்துப் போய்வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "வாடகைக்காரன் நான் சொன்ன இடத்திலெல்லாம் நிப்பாட்டமாட்டான். ஒரு கண்ணை ரோட்டிலயும் ஒரு கண்ணை மணிக்கூட்டிலயும் வச்சிருப்பான். எனக்கு எல்லா இடத்திலயும் இறங்கிப் பார்க்கோணும்" என்றார். இருக்கிற பார்வையை அவர் செலவழிக்க நினைத்த விதம் அது.

பிரசவம் பார்க்கிற மருத்துவமாதாக ஊரெல்லாம் ஸ்கூட்டரில் ஓடித் திரிந்தவள் நான். பென்சன் எடுத்த கையோடு கார் ஓட்டப் பழகி லைசன்சும் எடுத்தேன். பழக்கின பெடியனுக்குத்தான் கொஞ்சம் தலைமயிர் நரைத்தது. ஆகவே ஒரு கார் வேண்டும். பென்சனோடு வந்த காசுக்குள் அடங்குகிற கார். இவருடைய குழாய் அடைபடுவதற்குள்.

உப்புத் தின்ற கார்கள்

நம்முடைய நாட்டில் பழைய கார் வாங்குவது ஒரு தனிக் கலை. வெளிநாட்டிலிருந்து புதுவண்டி இறக்காமல் நின்ற வருடங்களில், பழைய கார்களெல்லாம் தங்கள் வயதை மறந்துவிட்டன. எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தான் வாங்கினதை விடக் கூடிய விலைக்குத் தன் காரை விற்றார். நடுவில் பல வருடம் ஓடியும் விட்டார்! பிறகு புதுவண்டி வரத் தொடங்கியும், விற்கிறவர்களின் வாய் மட்டும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் விளம்பரத்தில் போடுகிற விலை, விற்கிறவரின் ஆசை. அதை நம்பிப் போகக்கூடாது. நான் ஒரு வேலை செய்தேன். நமக்குத் தேவையான வயதுக் கார்களின் விளம்பரங்களைப் பார்த்து, இரண்டு மூன்று கிழமை கழித்துப் போன் எடுத்து, "கார் போயிட்டுதா? என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டேன். சிலர் ஏசினார்கள். சிலர் உண்மையைச் சொன்னார்கள். விற்றபிறகு மனுசருக்குப் பொய் சொல்ல அவ்வளவு ஆர்வம் இருக்காது. அப்படிக் கிடைத்த விலைதான் சந்தை விலை. அதிலிருந்து தேய்ந்த டயருக்கு, சாகக் கிடக்கிற பற்றரிக்கு, செய்யவேண்டிய வேலைகளுக்கு என்று ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டு வரவேண்டும்.

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றிலும் பெரிய கழிவு உப்புக்குத்தான். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கார் நடுவில் நின்று இரண்டையும் குடிக்கும். மேலே பளபளப்பாய் இருக்கும், கீழே அப்பளம் போல நொறுங்கும்.

புளியந்தீவில் தண்ணீர்க்கரையோரம் ஒரு கார் பார்த்தோம். புதுப்பெண் போல மின்னியது. நான் கைலேஞ்சியில் ஒரு காந்தத் துண்டைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். கூரையில் வைத்தேன், ஒட்டியது. கதவின் கீழ்ப்பக்கம் வைத்தேன், பொத்தென்று விழுந்தது. மற்றக் கதவிலும் விழுந்தது. கீழ்ப்பாதியில் இரும்பே இல்லை, பட்டி என்கிற பசையால் பூசி மெழுகி வைத்திருக்கிறார்கள். கார்க்காரர் குனிந்து காந்தத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, காந்தத்தில பவர் இல்ல" என்றார். என்ன வாய் பாருங்கள்!

இன்னொருவர், "இது மலைநாட்டில, நுவரெலியாவில ஓடின கார். உப்புக் காத்தே பட்டதில்ல" என்று சத்தியம் பண்ணினார். கால் மிதியை உயர்த்தினால், அடியில் கடல்மண். அதற்குள் ஒரு சின்னச் சிப்பி. "நுவரெலியாவிலயும் இப்ப சிப்பி விளையுதோ?" என்று கேட்டேன். அவருக்குத் திடீரென்று அவசரமாக ஒரு போன் வந்தது.

இவர் அந்தச் சிப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். இன்னும் வீட்டில் இருக்கிறது. கண்ணுக்கு நேரே பிடித்து அதன் வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கார் தேடி அலைந்த அந்த மாதங்களில் இவர் இப்படித்தான் ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். கிணற்றடி வாழைக்குருத்து. என் மூக்குத்திக் கல். மழைக்கு முதல் வாவி கறுக்கிறது. அவரைப் பார்க்க எனக்குப் பயமாயும் இருக்கும், பொறாமையாயும் இருக்கும்.

மேசன் கேட்டதுதான்

அப்படியிருக்கும்போதுதான் காத்தான்குடியில் துணிக்கடை வைத்திருக்கும் சமது காக்கா ஒரு கார் விற்கிறாராம் என்று கதை வந்தது. முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். ஒருவர் கையிலேயே இருந்த கார், விலையும் குறைத்துச் சொல்கிறார், ஆனால் போகிறவர்களெல்லாம் வாங்காமல் திரும்பி வருகிறார்கள் என்றும் சொன்னார்கள். போய்ப் பார்த்தபோது விளங்கியது.

எங்கள் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் பெண்பிள்ளைக்கு ஒரு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சமது காக்காவுக்கு இரண்டு பெண். இருந்த வீடு மூத்தவளுக்குப் போய்விட்டது. காத்தான்குடியில் இன்னொரு துண்டு நிலம் வாங்குவதென்றால் அரண்மனைக் காசு வேண்டும். ஆகவே இளையவளுக்கு முன்வளவிலேயே, கார் நிற்கிற இடத்தில், வீடு.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கிற வெள்ளிக்கிழமைக்குள் அத்திவாரம் வெட்டியிருக்க வேண்டும் என்று பேச்சு. மேசன்மார் விடிய வந்தார்கள், நூல் பிடித்தார்கள், வெட்டினார்கள், அடியில் கல்லும் கொங்கிறீற்றும் போட்டார்கள். கேற்றுக்குக் குறுக்கே, மதிலிலிருந்து மதில் வரைக்கும், இடுப்பளவு ஆழத்தில் ஒரு கான். கார் உள்ளே.

"கார வெளிய எடுத்திட்டு வெட்டுவம் எண்டு ஒருத்தருக்கும் வாய் வரல்லையா காக்கா?" என்று கேட்டேன்.

சமது காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "மேசன் கேட்டான்தான் அக்கா. கடையில பெருநாள் சனம். நான்தான் போன்ல 'வெட்டு, வெட்டு' எண்டு சொல்லிட்டன். அவன் வெட்டிட்டான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவம் மனிதர், அவரும் சிரித்தார். முதல் வந்தவர் ஓடிப் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு பலகையைப் போட்டு ஏற்றியிருக்கிறார். பலகை சரிந்து முன்சில்லு கானுக்குள் தொங்கியதாம். அன்றோடு காக்காவின் மனைவி ஹிதாயா ராத்தா தடை போட்டுவிட்டார். விலை முடிந்து கார் போகிற அன்று மட்டும் கானுக்குள் மண்மூடை அடுக்கிப் பாதை போட்டுக் கொடுக்கப்படும். வந்து பார்க்கிற ஒவ்வொருவருக்கும் மூடை தூக்க மேசன்மார் தயாரில்லை. கார் போனால்தான் முன்சுவர் எழும்பும். சுவர் எழும்பினால்தான் கலியாணம்.

ஆக, ஓட்டிப் பார்க்க முடியாத காருக்கு விலை சொல்லவேண்டும்!

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். காந்தம் எல்லா இடமும் ஒட்டியது. மேற்துரு இருந்தது, ஓட்டை இல்லை. பிறகு பையைத் திறந்து, கர்ப்பிணித் தாய்மாரின் வயிற்றில் வைத்துப் பிள்ளையின் நாடி கேட்கிற என் பழைய குழலை எடுத்தேன். எஞ்சினில் வைத்துக் காதைக் கொடுத்தேன். மேசன்மார் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"என்ன கேக்குது அக்கா?" என்றார் காக்கா பயத்தோடு.

"பொறுங்க" என்றேன் கண்டிப்பாக. கேட்டது நன்றாகத்தான் கேட்டது. என்ன கேட்கிறதென்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அடி ஒன்றும் தவறாமல், ஒரே சீராக, நல்ல சுகமான பிள்ளை மாதிரி அடித்தது. அதற்குமேல் நான் யாரிடம் போய்க் கேட்பது?

நின்றபடியே ஒரு பயணம்

வருகிற வழியில் இவருக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "இஞ்ச பாருங்க, கார் புடிச்சாலும் முகத்தில காட்டாதீங்க. ஆசை தெரிஞ்சா விலை இறங்காது." ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு வந்தவர்தான். ஆனால் மற்றவர்களின் முகம் முழுதாய்த் தெரியாத மனிதருக்குத் தன் முகத்தின் நினைவும் இருக்காது போல. அவரைக் கதவு திறந்து ஏற்றிவிட்டதுதான் தாமதம், சீட்டை ஒரு தடவு தடவிக் கண்ணை மூடிவிட்டார்.

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்க ஏறினேன். பெடலை மெல்ல அழுத்தினேன். எஞ்சின் ஒரு மூச்சு விட்டது.

அவ்வளவுதான். இவர் போய்விட்டார். ஏறாவூர்ச் சந்தைச் சத்தம், செங்கலடிச் சந்தி, பிறகு அந்தக் காற்று. ஓட்டமாவடிப் பாலத்தில் மெல்லப் போகச் சொன்னார். அங்கே வலை வீசுகிறவர்களைப் பார்க்க வேண்டுமாம். காயான்கேணியில் மரநிழல் கண்ணாடியில் விழுந்து விழுந்து போகும் என்றார். மாங்கேணியில் கச்சான் கடலை வாங்கவேண்டும் என்றார்.

ஏனென்று தெரியவில்லை, நானும் பேசாமல் ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் அசைத்துக்கொண்டிருந்தேன். வெயில் கண்ணாடியில் கூசியது. சாந்து குழைக்கிற சத்தம் தூரத்தில் அலை அடிப்பதுபோல இருந்தது. முன்னால் கான், கேற்று, எதிர்வீட்டு மதில். ஆனால் ஒரு கணம் எனக்கும் அதெல்லாம் விலகி விலகிப் போவதுபோலத் தோன்றியது. தலை சுற்றவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"பனிச்சங்கேணிப் பாலம் வந்திட்டு. நிப்பாட்டு புள்ள. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு. ரெண்டும் ஒண்டா மினுங்குது பாரு" என்றார்.

நான் பிரேக்கை மிதித்தேன். நிற்கிற காரில் பிரேக் பிடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்குள் இதுவரை கடகடவென்று ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றுபோனதை அப்போதுதான் கவனித்தேன். யன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"அண்ணன் எங்க போறாரு?"

"கதிரவெளிக்கு ராத்தா" என்றார் இவர், கண்ணைத் திறக்காமலே. "என்ட அக்காவப் பார்க்க. கண் இருக்கக்குள்ள ஒருக்காப் பார்த்திரோணும்."

சமது காக்கா தொண்டையைச் செருமினார். எனக்குக் கோபம் கோபமாய் வந்தது. வியாபாரம் முடிந்தது! நம்முடைய தேவை அப்படியே தெருவில் கொட்டிக் கிடக்கிறது, இனி எந்த மூஞ்சியோடு விலை கேட்பது?

பொருத்தமா?

ஆனாலும் கேட்டேன். ஏனென்றால் காக்காவின் தேவையும் அங்கே இடுப்பளவு ஆழத்தில் வெட்டிக் கிடந்தது. அவராலும் அதை மூடி வைக்க முடியாது. இரண்டு பேரும் சீட்டாட்டத்தில் கைச்சீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விளையாடின மாதிரித்தான்.

தொகையை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் பாதிப்பேர் கூட என்பீர்கள், மீதிப்பேர் குறைவு என்பீர்கள், என் தம்பி இரண்டையும் சொல்வான். நான் சந்தை விலையைச் சொன்னேன். டயரைக் கழித்தேன். பற்றரியைக் கழித்தேன். பிறகு, "ஓடிப் பார்க்கல்லையே காக்கா, கண்ணைக் கட்டிக்கிட்டு வாங்குற மாதிரி. அதுக்கும் குறைக்கோணும்" என்று இன்னும் ஒரு பெரிய துண்டை வெட்டினேன். அவர் கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"சரி அக்கா. எடுங்க."

எனக்கு உள்ளுக்குள் மேளம் அடித்தது. முகத்தில் காட்டவில்லை. ஒருவராவது காட்டாமல் இருக்க வேண்டுமே.

காக்கா கையை நீட்டி இவருடைய கையைப் பிடித்தார். "பொருத்தமா அண்ணன்?"

முஸ்லிம்களிடம் வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது தெரியும். விலை பேசி முடித்தாலும் காரியம் முடியாது. இரண்டு பக்கமும் மனம் விரும்பி ஒத்துக்கொண்டோம் என்று வாயால் சொல்லவேண்டும். மனக்குறையோடு கைமாறிய பொருள் ஆகாது.

"பொருத்தம், பொருத்தம்" என்றார் இவர். நானும் சொன்னேன். காக்கா யன்னல் பக்கம் கிறுகி, "புள்ள, ஒனக்கும் பொருத்தம்தானே?" என்றார் சும்மா பேச்சுக்கு.

"எனக்குப் பொருத்தமில்ல" என்றது குரல்.

ஹிதாயா ராத்தா தேநீர்த் தட்டோடு வெளியே வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அந்தக் கார் அவர் அபாயா தைத்துத் தைத்துச் சேர்த்த காசில் வாங்கியது என்று பிறகு அறிந்தோம். அதாவது உண்மையான கார்க்காரி அவர்தான்.

"கான் என்ட வீட்டுக் கான். வெட்டச் சொன்னது இவரு. அதுக்கு என்ட கார் ஏன் விலை குறையோணும்? காருக்கு என்ன குத்தம்?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "ராத்தா, பேசி முடிச்ச பேச்சு. இப்ப வந்து கூட்டினா எப்புடி? எழும்புங்க, நாம போவம்" என்று இவருடைய தோளைப் பிடித்தேன். இவர் எழும்பவில்லை. முகம் மட்டும் விழுந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்கும் கால் வரவில்லை.

"இரிங்க அக்கா, நான் இன்னும் முடிக்கல்ல" என்றார் ராத்தா. தட்டைப் பொனற்றில் வைத்துவிட்டு, கைவிரலால் காட்டினார். "மழை பேஞ்சா அந்த இடதுபக்கச் சீட்டுக் கால்மாட்டில தண்ணி ஒழுகும். இவரு சொல்லல்ல."

காக்கா தொப்பியைத் திரும்பக் கழற்றினார். "மழைக்கு இன்னும் நாள் கிடக்குத்தானே எண்டு…"

"அண்ணன் இரிக்கிற இடம் அது" என்றார் ராத்தா அவரைப் பாராமலே. "குறைய மறைச்சு வித்த காசில என்ட மகள்ட வீட்டுக்குக் கல்லு வைக்க ஏலா. இல்லாத குறைக்கி விலையக் குறைக்கவும் ஏலா. கானுக்குக் குறைச்சதத் திருப்பிக் கூட்டுங்க. ஒழுக்குக்குக் குறைங்க."

பிறகு நாங்கள் இரண்டு பெண்களும் அந்தக் காரின் பொனற்றில் சாய்ந்து நின்று முதலிலிருந்து தொடங்கினோம். எனக்குத் தெரிந்த டிங்கர் வேலைக்காரருக்குப் போன் எடுத்து, தண்ணீர் இறங்குகிற முன்கண்ணாடியைக் கழற்றி, துருவை வெட்டி ஒட்டி, றபர் மாற்ற என்ன செலவு என்று கேட்டேன். ராத்தாவும் தனக்குத் தெரிந்த ஒருவருக்கு எடுத்துக் கேட்டார். இரண்டு பேர் சொன்னதற்கும் நடுவில் பிடித்தோம். அதைக் கழித்தோம். கானுக்காக நான் வெட்டின துண்டைக் கூட்டினோம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால், கிட்டத்தட்டப் பழைய விலை!

வித்தியாசம் ஒரு நல்ல சாப்பாட்டுக் காசு. அது எங்கள் பக்கம் வரவேண்டியது. ராத்தா அதைச் சாப்பாடாகவே தந்துவிட்டார். இறைச்சி ஆணமும் நெய்ச்சோறும். இவர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

"இப்ப பொருத்தமா ராத்தா?" என்று கை கழுவிக்கொண்டு கேட்டேன்.

"பொருத்தம்" என்றார். "நீங்களும் பொருந்திக்கங்க அக்கா." இவ்வளவு காலமும் சந்தையில் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். வாங்கிய விலையைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லாமல் வீட்டுக்கு வந்தது அன்றுதான்.

மேசன்மார் மண்மூடை அடுக்கினார்கள். நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு காரை வெளியே எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது, ராத்தா வெறுமையான அந்த இடத்தில் நின்று புடைவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விலை குறைத்த தண்ணீர்

ஒழுக்கைத் திருத்திவிட்டுப் போவோம் என்றேன். "திருத்தக் கொடுத்தா எத்தின நாள் நிக்குமோ, நாளைக்கே போவம்" என்றார் இவர். போனோம்.

சொன்ன இடமெல்லாம் நிறுத்தினேன். ஓட்டமாவடிப் பாலத்தில் நின்று வலை வீசுகிறவர்களைப் பார்த்தார். ஒரு வலை விரிந்து விழுவது அவருடைய குழாய்க்குள் முழுதாய் அடங்கவில்லை. ஆகவே ஒரு வீச்சில் ஒரு பக்கத்தையும், அடுத்த வீச்சில் மற்றப் பக்கத்தையும் பார்த்தார்.

மாங்கேணியில் கச்சான் வாங்கும்போது, காலமில்லாத காலத்தில் மழை பிடித்தது. கொஞ்சத் தூரம் போனதும் இவர் தன் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"புள்ள, விலை குறைச்ச தண்ணி வருது!"

பனிச்சங்கேணிப் பாலத்துக்கு வர மழை விட்டுவிட்டது. இறங்கினார். கடலை நேரே பார்த்தார். பிறகு முழுதாய்த் திரும்பி நின்று களப்பைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாய் அவருக்குத் தெரியாது. கடலும் களப்புமாய்த் திரும்பித் திரும்பி நின்றார். ஈரக் காலோடு, சின்னப்பிள்ளை போல. நான் காருக்குள் இருந்து அழுதேன். அவருக்குத் தெரியாது, நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

கதிரவெளியில் கார் நிற்கும் சத்தம் கேட்டு மச்சாள் தடியை ஊன்றிக்கொண்டு பக்கவாட்டிலிருந்த குசினியால் வந்தார். இவருக்குத் தெரியவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அதைக் கண்டதும் மச்சாள் அந்த இடத்திலேயே நின்று, "ஐயோ, என்ட தம்பிக்குத் தெரியுதில்லையே" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார்.

நான் போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, இவருக்கு நேர் முன்னால் நிறுத்தினேன்.

இவர் பார்த்தார். நெற்றியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல, துண்டு துண்டாக, அந்த முகம் முழுவதையும் பார்த்தார்.

"என்னக்கா இது, தலை முழுக்க நரைச்சுப் போயிட்டு" என்றார் இவர்.

மச்சாள் தடியைப் போட்டுவிட்டு இவருடைய கன்னம் இரண்டையும் பிடித்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தது. வேலிக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சனத்தைப் பார்த்துக் கத்தினார்.

"கண் தெரியாதெண்டு சொன்னீங்களேடி! இஞ்ச வந்து பாருங்கடி! என்ட நரையப் பார்த்திட்டான், என்ட தம்பி என்ட நரையப் பார்த்திட்டான்!"